பூந்தொட்டியில் மருந்தும் நஞ்சும்

நித்தியகல்யாணி என்று ஒரு செடி. அதே செடிக்குச் சுடுகாட்டு மல்லிகை என்றும் பெயர் உண்டு. முன்னது மங்கலப் பெயர். பின்னதை வீட்டில் உரக்கச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆண்டு முழுவதும் ஓயாமல் பூப்பதால் முதற்பெயர் அமைந்தது. யாரும் நீர் ஊற்றாத இடுகாட்டு மண்ணிலும், ஆடுமாடு வாய் வைக்காமல் விட்டுவிடுவதால் செழித்துப் பூப்பதால் இரண்டாம் பெயர் அமைந்தது. நம் கல்லூரி முகப்பில் கொடிக்கம்பத்தைச் சுற்றி வட்டமாக நிற்கும் இளஞ்சிவப்புப் பூக்களும் வெண்பூக்களும் இவைதாம். ஆடு ஏன் இதைத் தின்பதில்லை என்று கேட்டுப் பார்த்தால், அழகுச் செடிகளின் மருத்துவ வரலாற்றில் பாதி அந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கியிருப்பது தெரியும்.

"இவற்றுள் எது மருந்துச் செடி, எது நச்சுச் செடி?" என்று விடுதித் தோழியர் என்னிடம் கேட்பதுண்டு. பாடநூல்களும் மருந்துத் தாவரங்களுக்கு ஓர் அத்தியாயம், நச்சுத் தாவரங்களுக்கு வேறோர் அத்தியாயம் என்று பிரித்தே வைத்திருக்கின்றன. கேள்வியே பொருந்தாது என்பது என் கருத்து. எந்தச் செடியும் நமக்காக மருந்து செய்வதில்லை. இடம்பெயர்ந்து ஓட இயலாத அந்த உயிர், தன்னைத் தின்ன வரும் புழுவுக்கும் ஆட்டுக்கும் எதிராகச் சில வேதிப்பொருள்களை இலையிலும் பாலிலும் விதையிலும் சேர்த்து வைக்கிறது, அவ்வளவே. அப்பொருளைப் பிரித்தெடுத்து, எடை போட்டு, இன்ன நோய்க்கு இத்தனை மில்லிகிராம் என்று வரையறுத்தவன் மனிதன். வரையறுத்த அளவு மருந்தாகிறது. வரையறுக்காத இலை வெறும் இலையே. அதனுள் எவ்வளவு இருக்கிறது என்று இலையைப் பார்த்துச் சொல்ல யாராலும் இயலாது.

நித்தியகல்யாணியையே முதலில் எடுத்துக் கொள்வோம். தாவரவியலில் இதற்குக் கதராந்தஸ் ரோசியஸ் என்று பெயர். அலரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாயகம் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து வெப்ப நாடுகள் அனைத்திலும் பரவிவிட்டது. பரவிய இடங்களில் எல்லாம் ஏறத்தாழ ஒரே கைவைத்தியம் வழங்கி வந்தது. இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் நீரிழிவு குறையும் என்பதே அது. ஜமைக்காவிலும் இந்நம்பிக்கை இருந்தது. 1952இல் அத்தீவிலிருந்து ஒரு மருத்துவர் இந்த இலைகளைக் கனடாவிலிருந்த கிளார்க் நோபிள் என்னும் மருத்துவருக்கு அனுப்பினார். அவர் அவற்றைத் தம் உடன்பிறந்தாரும் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழக ஆய்வாளருமான ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் குருதியின் சர்க்கரை அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஊசி வழியே சாறு பெற்ற எலிகள் நோய்த்தொற்றுக்கு ஆளாகி மடிந்தன. குருதியைச் சோதித்தபோது வெள்ளணுக்களின் எண்ணிக்கை சரிந்திருந்தது.

வேறொருவராயிருந்தால் 'இது நச்சு இலை' என்று எழுதி, கோப்பை மூடியிருக்கக் கூடும். நோபிள் வேறு விதமாக எண்ணினார். வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? அப்படியானால் வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருள் அந்நோய்க்கு மருந்தாகலாமன்றோ? சார்லஸ் பீர் என்னும் வேதியியலாரும் அவருமாகச் சேர்ந்து 1958இல் அப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதுவே வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி மருந்து நிறுவனத்தில் கார்டன் ஸ்வோபோடாவும் அவர் குழுவினரும் இதே செடியைத் தனியாக ஆராய்ந்து கொண்டிருந்தனர். அவர்கள் வழியாக வந்தது வின்கிரிஸ்டின். இன்று குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் கூட்டு மருந்துகளில் வின்கிரிஸ்டின் தவறாமல் இடம்பெறுகிறது. மருத்துவ வசதி மிக்க நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

இம்மருந்தின் அளவைக் கவனியுங்கள். வின்கிரிஸ்டின் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. அதையும் சிரை வழியாக மட்டுமே செலுத்த வேண்டும். தவறிப்போய் முதுகுத்தண்டின் நீரில் செலுத்தினால் நோயாளி பிழைப்பது அரிது. இலையிலோ இப்பொருள் மிகமிகக் குறைவு. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். நம் தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இச்செடியைப் பயிரிட்டு இலையையும் வேரையும் மூட்டை மூட்டையாக ஏற்றுமதி செய்வது இதனால்தான். செடியே இல்லாமல் ஈஸ்ட் நுண்ணுயிரைக் கொண்டு வின்பிளாஸ்டினின் மூலப்பொருள்களை உண்டாக்கும் முறை 2022இல் வெளியாயிற்று. அது தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்தால் நம் உழவர் பாடு என்னாகும் என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

இங்கே என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஆச்சிக்கு வயது 71. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையில் பல் துலக்கியதும் முற்றத்து நித்தியகல்யாணியில் நான்கைந்து இலைகளைக் கிள்ளி மென்றுவிட்டுத்தான் காப்பி குடிப்பாள். "கசப்பு எல்லாம் சர்க்கரைக்கு நல்லதுதாம்ட்டி" என்பாள். இலையை மெல்வதைவிட எனக்குக் கவலை தந்தது வேறொன்று. இலை இருக்கிறதே என்ற தைரியத்தில் இரவு மெட்ஃபார்மின் மாத்திரையை அவள் நிறுத்தியிருந்தாள். சென்ற கோடை விடுமுறையில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று பார்த்தபோது வெறும் வயிற்றில் சர்க்கரை 280 இருந்தது. கால் பெருவிரலில் ஆறாத புண் ஒன்றும் இருந்தது. செருப்புக் கடித்தது என்று மறைத்து வைத்திருந்தாள்.

விலங்குகளில் இவ்விலையின் சில சாறுகள் சர்க்கரையைக் குறைப்பதாகப் பிற்கால ஆய்வுகள் சில கூறுவது உண்மையே. ஆயினும் மனிதருக்கு எத்தனை இலை, எத்தனை நாள் என்று வரையறுத்த அளவு கிடையாது. வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருளும் அதே இலையில் இருக்கிறது. ஆறாத புண் உள்ள நீரிழிவு நோயாளிக்கு மிகவும் வேண்டியவை வெள்ளணுக்களே. இதை ஆச்சிக்கு எப்படிச் சொல்வது? 'நஞ்சு' என்றால் கேட்க மாட்டாள். இத்தனை ஆண்டு தின்றும் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பாள். ஆகவே நோபிள் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ புத்துநோய்க்கு ஊசி போடுத செடியாட்டி இது? அம்புட்டுப் பெரிய மருந்தையா நான் வெறும் வாயில மென்னுக்கிட்டுக் கெடந்தேன்?" என்றாள். மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. மென்பது நின்றது. பூவை மட்டும் பிள்ளையாருக்கு வைக்கிறாள். மாத்திரை தொடர்கிறது, புண் ஆறச் சரியாக இரண்டு மாதம் ஆயிற்று.

வின்பிளாஸ்டின் புற்றுநோய்ச் செல்லை எப்படிக் கொல்கிறது என்பது நம் செய்முறை வகுப்போடு தொடர்புடையது. வெங்காய வேர்நுனியில் செல் பிளவுபடுவதை நுண்ணோக்கியில் பார்த்திருப்போம். குரோமோசோம்களை இரு புறமும் இழுத்துச் செல்லும் கதிர் இழைகள் டியூபுலின் என்னும் புரதத்தால் ஆனவை. வின்பிளாஸ்டின் அப்புரதத்தைப் பற்றிக்கொண்டு இழை உருவாகாமல் தடுக்கிறது. பிளவு பாதியில் நிற்கிறது. இதே வேலையைச் செய்யும் இன்னொரு பொருள் நம் ஆய்வுக்கூட அலமாரியில் சிறு குப்பியில் இருக்கிறது. அதுதான் கால்ச்சிசின். 1937இல் பிளேக்ஸ்லீயும் ஆவெரியும் இதைக் கொண்டு தாவரங்களின் குரோமோசோம்களை இரட்டிக்கலாம் என்று காட்டினார்கள். அது கிடைக்கும் செடிகளில் ஒன்று நம் மாநில மலரான செங்காந்தள்.

செங்காந்தளின் நெருப்பு நிறப் பூவுக்காக அதை வேலியில் படரவிடும் வீடுகள் உண்டு. கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்றும் இதனை வழங்குவர். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பகுதிகளில் விதைக்காகவே பந்தலிட்டுப் பயிர் செய்கிறார்கள். அவ்விதையிலிருந்து எடுக்கும் கால்ச்சிசின், கீல்வாதத்தின் ஒரு வகையாகிய 'கவுட்' நோய்க்கு நல்ல மருந்து. அதன் கிழங்கை உண்ணும் கிழங்கென்று எண்ணித் தின்று மாண்டவர்களும் உண்டு. தின்றவருக்கு முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் காணும். அது அடங்கியதும் பிழைத்துவிட்டார் என்று வீட்டார் நினைப்பார்கள். அதன் பின்னரே உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகக் கெடத் தொடங்கும். எலும்பு மச்சை, குடலின் உட்படலம், முடியின் வேர் ஆகியவை ஓயாமல் செல் பிளவு நடக்கும் இடங்கள். அடி அங்கேதான் விழும். இக்கிழங்கை உண்டு பிழைத்த ஒருவருக்குத் தலைமுடி முழுவதும் உதிர்ந்துபோனதை இலங்கை மருத்துவர் ஒருவர் 1966இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்கு முடி உதிர்வதை நாம் அறிவோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

இனி அரளி. நித்தியகல்யாணியின் குடும்பமே ஆயினும் இதன் நஞ்சு முற்றிலும் வேறு. செல் பிளவை விட்டுவிட்டு நேரே இதயத்தைப் பிடிக்கும். சேலம் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் ஏக்கர் ஏக்கராக அரளி பயிராகிறது; கோயில் மாலைகளில் பாதி அரளிதான். நெடுஞ்சாலை நடுத்திட்டுகளிலும் அதுவே. தண்ணீர் அதிகம் கேட்பதில்லை, மாடு தின்பதில்லை, புகையைத் தாங்குகிறது என்பன காரணங்கள். இலை, பூ, பட்டை, வேர், பால் எல்லாவற்றிலும் ஒலியாண்ட்ரின் முதலான கிளைக்கோசைடுகள் உள்ளன. நம் இதயத் தசைச் செல்லின் சவ்வில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்வாங்கும் ஒரு நொதி இறைப்பி போல வேலை செய்கிறது. அதனை இவை நிறுத்திவிடும். செல்லுக்குள் கால்சியம் கூடுகிறது, துடிப்பு வலுக்கிறது, அளவு மிஞ்சினால் தாளம் தவறுகிறது.

துடிப்பு வலுக்கிறது என்றேன். அதனால் பலவீனமான இதயத்துக்கு இது மருந்தாகுமா? ஆகும், ஆனால் மருத்துவர்கள் கைக்கொண்டது அரளியை அன்று, இங்கிலாந்துத் தோட்டங்களில் பூக்கும் டிஜிடாலிஸ் என்னும் செடியை. ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு மூதாட்டி நீர்க்கோவைக்கு ஒரு குடும்பக் கைமருந்து வைத்திருந்தார். அதிலிருந்த இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகளில் வேலை செய்வது டிஜிடாலிஸ் ஒன்றே என்று 1775இல் கண்டறிந்தவர் வில்லியம் விதரிங். பத்தாண்டுக் காலம் ஒவ்வொரு நோயாளிக்கும் கொடுத்த அளவு, கண்ட பயன், கண்ட கேடு எல்லாவற்றையும் குறித்து வைத்து 1785இல் நூலாக வெளியிட்டார். கேட்டையும் மறைக்காமல் எழுதியதே அந்நூலின் சிறப்பு. அவ்வகைச் செடியிலிருந்து 1930இல் பிரித்த டைகாக்சின் இன்றும் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. ஒரு மாத்திரை கால் மில்லிகிராம்தான். ஒரு மில்லிலிட்டர் குருதியில் ஒரு நானோகிராம் அளவுக்கு இருந்தால் மருந்து. இரண்டைத் தாண்டினால் நஞ்சு. இவ்வளவு ஒடுங்கிய வரம்பில் நடக்கும் பொருளை, இலைக்கு இலை அளவு மாறும் அரளியைக் கொண்டு வீட்டில் வைத்தியம் பார்ப்பதை என்னென்பது? சித்த மருத்துவமும் இதனை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகளின் இ(1) அட்டவணையில் சித்த மருத்துவ நஞ்சுப் பொருள்களின் பட்டியலில் அலரியும் கலப்பைக்கிழங்கும் இடம்பெற்றுள்ளன.

2024இல் கேரளத்தில் ஓர் இளம்பெண் தற்செயலாக அரளி இலையைக் கடித்ததனால் இறந்தார் என்ற செய்தி பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு தன் கோயில்களில் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்க்கக் கூடாதென்று தடை விதித்தது. மாலையாகத் தொங்கும் பூவால் யாருக்கும் தீங்கில்லை. உண்ணும் பிரசாதத்தோடு கலப்பதே தீங்கு. இந்த வேறுபாட்டை நம் ஊர்க் கோயில்களிலும் கடைப்பிடிப்பது எளிது.

மஞ்சள் அரளி, அதாவது பொன்னரளி, இன்னும் கொடியது. இலங்கையின் வடபகுதியில் 1980களிலிருந்து இதன் நஞ்சு பெரிய மருத்துவச் சிக்கலாக இருந்து வந்தது. அத்துயரிலிருந்தே ஒரு நல்ல மருத்துவ அறிவும் கிடைத்தது. டைகாக்சின் மிகுந்துபோன நோயாளிகளுக்காகச் செம்மறியாட்டின் குருதியில் உண்டாக்கிய எதிர்ப்பொருள் ஒன்று முன்பே இருந்தது. அது பொன்னரளி நஞ்சையும் பற்றிக்கொண்டு முறிக்கிறது என்று கொழும்பில் நடந்த ஆய்வு காட்டியது. 2000இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. இங்கிலாந்துச் செடியின் நஞ்சுக்குச் செய்த மாற்று, வேறு குடும்பத்து அரளியின் நஞ்சுக்கும் செல்கிறதென்றால், மூலக்கூறுகளின் வடிவம் அவ்வளவு நெருக்கமானது. தொல்லை என்னவென்றால் அந்த மருந்தின் விலை ஏழை நாடுகளால் தாங்கக் கூடியதாக இல்லை.

வீட்டுக்குள் வைக்கும் செடிகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை முற்றத்தோடு நின்றுவிடும். வரவேற்பறை மூலைகளிலும் அலுவலக வராண்டாக்களிலும் பெரிய இலைகளில் வெள்ளைத் திட்டுகளுடன் நிற்பது டைஃபன்பேக்கியா. வியன்னாவின் ஷோன்புருன் அரண்மனைத் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரராயிருந்த டைஃபன்பாக் என்பவரின் பெயர் இதற்கு இடப்பட்டது. ஆங்கிலேயர் வழங்கும் பெயருக்கோ ஊமைக்கரும்பு என்று பொருள். கடித்தவரின் நாக்கு வீங்கிப் பேச்சு நின்றுவிடும் என்பதால் அப்பெயர். இது சேம்புக் குடும்பம். முதலாண்டுச் செய்முறையில் சேம்பின் இலைக்காம்பைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தபோது ஊசிக்கட்டுகள் போலத் தெரிந்தனவே, அந்தக் கால்சியம் ஆக்சலேட் ராஃபைடுகள்தாம் இங்கும் வேலை செய்கின்றன. மென்றவுடன் செல்லின் இரு முனைகளும் திறந்து ஊசிகள் பாய்கின்றன. கருணைக்கிழங்கு நாக்கை அரிப்பதும், அதைப் புளி விட்டு வேகவைப்பதும் நாம் அறிந்ததே. டைஃபன்பேக்கியாவுக்கு அப்படிச் சமையல் பக்குவமும் இல்லை. சொல்லும்படியான மருத்துவப் பயனும் இல்லை. கண்ணாடிக் குடுவையில் வளர்க்கும் மணி பிளாண்டும் இதே குடும்பம். (அடுத்த வீட்டிலிருந்து திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் பணம் சேரும் என்கிறார்கள், அதற்குத் தாவரவியலில் ஆதாரமில்லை.)

தவழும் குழந்தை இவற்றைக் கடித்துவிட்டால், ஈரத்துணியால் வாயைத் துடைத்து, குளிர்ந்த நீரோ பாலோ சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மூச்சுத் திணறினாலோ தொண்டை வீங்கினாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெரும்பாலும் சில நாள்களில் தணிந்துவிடும். அரளியோ செங்காந்தளோ என்றால் கைவைத்தியத்துக்கு இடமே இல்லை, நேரே மருத்துவமனைதான். கடித்த செடியின் சிறு கிளையையும் கையோடு கொண்டு போக வேண்டும். எந்தச் செடி என்று தெரிந்தால்தான் மருத்துவர் இதயத்தைப் பார்ப்பதா, குருதியைப் பார்ப்பதா என்று முடிவு செய்வார்.

கற்றாழைக்கு ஒரே ஒரு குறிப்பு. சோற்றை ஏழு முறை கழுவச் சொல்வார்கள் வீட்டுப் பெரியவர்கள். தோலுக்கடியில் வடியும் மஞ்சள் நீரில் அலோயின் என்னும் கடும் பேதிப்பொருள் இருக்கிறது. கழுவுவது அதைப் போக்கத்தான். அந்நீரை உலர்த்திச் செய்வதே நாட்டு மருந்துக் கடையின் கரியபோளம். அதைக் கொண்டு செய்த பேதி மருந்துகளைப் பாதுகாப்புச் சான்று போதவில்லை என்று அமெரிக்க அரசு 2002இல் கடைகளிலிருந்து விலக்கியது. ஒரே மடலில் வெளிப்புறம் ஒன்று, உட்புறம் ஒன்று!

சென்ற டிசம்பரில் துறை மாணவியர் நால்வர் சேர்ந்து வளாகத்துத் தொட்டிகளை எண்ணினோம். மொத்தம் 143. அவற்றில் டைஃபன்பேக்கியா 22; அதிலும் ஒன்பது, சான்றிதழ் வாங்க வருவோர் குழந்தைகளோடு காத்திருக்கும் அலுவலக வராண்டாவில் தரையோடு இருந்தன. தோட்டக்கார அண்ணனிடம் கேட்டோம். "பேரெல்லாம் தெரியாதும்மா. வெட்டுனா கை அரிக்கும், கண்ணுல பட்டா எரியும். அதான் துணி சுத்திக்கிட்டு வெட்டுவேன்" என்றார். நாங்கள் மூன்றாண்டு படித்ததை அவர் கையால் அறிந்திருந்தார். துறைத்தலைவரின் இசைவு பெற்று அந்த ஒன்பதையும் மாடிப்படியின் மேல்திண்டுக்கு மாற்றினோம். அவருக்கு ரப்பர் கையுறை இரண்டு இணை வாங்கிக் கொடுத்தோம். கழித்த அரளிக் கிளைகளைச் சருகோடு சேர்த்துக் கொளுத்தும் வழக்கம் இருந்தது. அப்புகையும் நல்லதன்று என்று சொன்னதும் மதிலோரம் குழி தோண்டிப் புதைக்கத் தொடங்கிவிட்டார். செடிகளின் தமிழ்ப் பெயர், குடும்பம், நச்சுள்ள பகுதி மூன்றையும் எழுதிய தகரப் பலகைகள் இப்போது 61 தொட்டிகளில் இருக்கின்றன. முதல்வர் அறை வாசலிலுள்ள ஆறு பாலைவன ரோஜாக்களுக்கு மட்டும் இன்னும் எழுதவில்லை. அவையும் அலரிக் குடும்பமே. ஆப்பிரிக்காவில் அம்புமுனையில் தடவிய நஞ்சு அவற்றின் பால். அதைச் சிறு பலகையில் அடக்கி எழுதச் சொல் தேடிக் கொண்டிருக்கிறோம்.